யாரும் கேட்காத வட்டம்

பச்சிளங்குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் கருவி அது. மார்பில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான். அதன் சர்க்யூட் போர்டைக் குழலி வரைந்தாள். மேல்கூட்டை வேறோர் ஊரிலிருந்து ஜெரால்டு வரைந்தான். அவளுடைய மென்பொருளிலிருந்து அவனுடையதற்கும், அங்கிருந்து திரும்ப இங்கும் ஒரே ஃபைல் மாதக்கணக்கில் போய்வந்துகொண்டிருந்தது. போர்டின் நடுவில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. இதற்குள் எதையும் வைக்கக்கூடாது என்று பொருள். மூடியிலிருந்து ஏதோ தூண் இறங்குகிறது போலும் என்று எண்ணி, மின்சாரம் ஓடும் ஒவ்வொரு செம்புத் தடத்தையும் அவள் அதைச் சுற்றியே வளைத்துக் கொண்டுபோனாள். கடைசியில் ஒரு சிப்புக்கு இடமில்லாமல் ஃபோனை எடுத்தாள்.

"ஜெரால்டு, அந்த வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா?"

"அது உங்களோடதுன்னுல்ல நினைச்சேன்! அங்க காலியா இருக்கேன்னுதான் மூடியை உள்ள குழிச்சு விட்டேன்."

"நான் போடலையே."

 குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் ஆளில்லாத வீட்டுக்குக் காவல் காத்திருக்கிறார்கள். வட்டத்தை அழித்து, அங்கே சிப்பை உட்கார வைத்து அனுப்பினாள்.

மறுநாள் ஜெரால்டிடமிருந்து ஃபைல் திரும்பி வந்தபோது சிப் போர்டுக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. வட்டம் பழைய இடத்திலேயே இருந்தது. கூடவே ஒரு புகைப்படம். மாதிரிக்குச் செய்த வெற்றுக்கூட்டை ஒரு தாய் தன் பிள்ளையின் மார்பில் வைத்துப் பார்க்கிறாள். யாரும் சொல்லாமலே அவள் கட்டைவிரல் அந்தக் குழிக்குள் படிந்திருக்கிறது.

குழலி தன் விரலைத் திரையில் வட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு சிப்புக்கு வேறு இடம் தேடத் தொடங்கினாள்.