மாவு பூசிய தேனீ

"ஆமா, என் தேனீதான். இப்ப அதுக்கு என்னங்கிறீங்க?"

தேன்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் தோட்டமும் நாலு தேன் பெட்டிகளும். இந்தப் பக்கம் பல் டாக்டர் வீட்டு நீச்சல் குளம்.

டாக்டரின் மேலுதடு பன் மாதிரி வீங்கியிருந்தது. காலையில் கொட்டியது.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குப் பிறந்தநாள். அவ கிளாஸே குளிக்க வருது. இங்க பாருங்க, குளம் பூரா தேனீ! நாளைக்கே பெட்டியை எடுத்தாகணும்."

"எடுக்க முடியாது."

"கேட்டீங்களா சார்?" என்று டாக்டர் தெருச் சங்கச் செயலாளர் பக்கம் திரும்பினார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். இரண்டு வீட்டிலும் ஓட்டு வாங்கி ஜெயித்தவர், பாவம்.

"ஏம்மா, ஒரு நியாயம் வேணாமா?"

"நியாயம் பார்த்துத்தான் மதில் மேல ஒரு தட்டுல தண்ணி வெச்சேன். அதுங்க உக்காந்து குடிக்கக் கூழாங்கல்லும் போட்டு வெச்சேன். அங்க தண்ணி கிடைச்சா குளத்துக்கு ஏன் வருது? இவர்தான் தட்டி விட்டார்."

"அவங்க தேனீயா இல்லேன்னா அவங்க ஏன் சார் தண்ணி வைக்கணும்?"

செயலாளருக்கு அது சரியாகத்தான் பட்டது.

டாக்டரின் மனைவி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு பாட்டில் தேன் குடுப்பீங்களேக்கா, இந்த வருஷம் கண்ணுலயே காட்டலையே?"

"பூ சரியில்லம்மா." தேன்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவங்க இப்ப ஆமாம்பாங்க, கமிட்டி முன்னாடி இல்லம்பாங்க. எனக்கு ஆதாரம் வேணும்" என்றார் டாக்டர். "தண்ணி குடிக்கிற தேனீ மேல மாவு தூவினா, வெள்ளையா, நேரா அதோட கூட்டுக்குப் போகுமாம். போன்ல பார்த்தேன். சார், நீங்க வீடியோ எடுங்க."

"மாவெல்லாம் எதுக்கு?" தேன்காரம்மாவின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "நான்தான் ஒத்துக்கிட்டேனே. வேணாம் டாக்டர்."

"பயம் வந்துடுச்சு பார்த்தீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் சல்லடையும் மாவுமாக வந்து நின்றார். குளத்து விளிம்பில் குனிந்து சலித்தார். தேனீ மீது கொஞ்சமும் டாக்டர் மீது நிறையவும் விழுந்தது.

ஒரு வெள்ளைத் தேனீ எழும்பியது.

எல்லார் தலையும் மதில் பக்கம் திரும்பியது. தேனீ திரும்பவில்லை. மேலே ஏறி, டாக்டர் வீட்டு மாடிச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய கிளினிக் பலகைக்குப் போனது. பலகை நிறையப் பளிச்சென்று ஒரு பல்வரிசை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நுழைந்து மறைந்தது.

அடுத்த வெள்ளைத் தேனீயும் அங்கேதான் போனது. அதற்கடுத்ததும்.

"டாக்டர்," என்றார் செயலாளர், வீடியோவை நிறுத்தாமல், "உங்க பல்லுக்குப் பின்னாடிதான் போகுது."

டாக்டரின் முகம் மாவை விட வெளுத்தது. ஓடிப்போய்ப் பூச்சி மருந்து டப்பாவோடு வந்தார். ஏணியைச் சுவரில் சாத்தினார்.

அதற்குள் தேன்காரம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ஏணியின் கீழ்ப்படியில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"ஏறுங்க பார்ப்போம். முதல்ல என் மேல அடிச்சுட்டு ஏறுங்க."

"எந்திரிங்க! இது என் வீடு!"

"உங்க வீடுதான். நான் எந்திரிக்க மாட்டேன்."

செயலாளருக்குத் தலை சுற்றியது. "ஏம்மா, இது உங்க தேனீயே இல்லேன்னு ஆயிடுச்சு. உங்க தேனீ பெட்டியில பத்திரமா இருக்கு. உங்களுக்கு ஏன் இந்த வம்பு?"

"போய்த் திறந்து பார்த்துட்டு வந்து பேசுங்க."

செயலாளர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு போனார். முதல் பெட்டியின் மூடியைப் பயந்து பயந்து தூக்கினார். பிறகு மற்ற மூன்றையும் சாதாரணமாகவே தூக்கினார். உள்ளே ஒட்டடைதான் இருந்தது.

"போன கோடையில டாக்டர் தன் தோட்டத்துக்கு மருந்து அடிச்சாரே," என்றாள் தேன்காரம்மா. "ரெண்டே நாள். நாலு பெட்டியும் செத்துப் போச்சு. என் கையாலதான் பெருக்கி அள்ளினேன்."

அவள் குரல் உடைந்தது. ஆனால் ஏணியை விட்டு எழவில்லை.

டாக்டரின் மனைவி வந்தாள். கணவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். மதிலோரம் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

டாக்டர் வீங்கிய உதட்டைத் தடவிக்கொண்டார்.

"இல்லாத தேனீயை உங்களுதுன்னு சொல்லிக்கிட்டு, இத்தனை நாளா என்கிட்ட எதுக்குங்க திட்டு வாங்கினீங்க?"

தேன்காரம்மா பலகையைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வெள்ளைத் தேனீக்கள் உள்ளே நுழைந்தன.

"மதிலைப் பார்த்து என்னைத் திட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும், நீங்க உங்க வீட்டை அண்ணாந்து பார்க்க மாட்டீங்கல்ல?"