எதிர்மலை தெரியும் குழல்

தன் தோட்டத்துக்கு வரும் யானை தும்மினால் தேயிலைச் செடியெல்லாம் மொட்டையாகிவிடும் என்று வால்பாறைக் கடையில் அளந்துகொண்டிருந்தார் மருதாசலம். உடல் சூட்டை வைத்து இருட்டில் உருவம் காட்டும் தெர்மல் குழல் வேண்டும். எதிர்மலைவரை தெரிய வேண்டும்.

"ஆனை உங்க தோட்டத்துல, குழல் எதிர்மலைக்குங்களா?" கடைக்காரப் பெண் நிர்மலா சிரித்தாள். "மிருகமெல்லாம் தெரியுமுங்க. மனுசங்க மட்டும், தங்களை யாரு பாக்கலாம்னு அவங்களே கட்டைவிரல் ரேகை வெச்சுப் பதிஞ்சிருந்தாத்தான் தெரிவாங்க."

மருதாசலம் எதிர்மலைப் பக்கம் பார்த்தார். கோபித்துக்கொண்டு போன மனைவி கனகு எதிர்மலையில்தான் இருந்தாள்.

அந்தி மங்கியதும் கடைவாசலில் நின்று ஒவ்வொரு குழலாகப் பார்த்தார். ஒன்றில் பாதிப் பள்ளத்தாக்கோடு சரி. இன்னொன்றில் தெருவே காலி, நாய்கள் மட்டும் நடந்தன. கடைசிக் குழலில் அந்த வீடு தெரிந்தது. முற்றத்தில் கனகு தணலாக நின்றாள். அவளும் ஒரு குழலைக் கண்ணில் வைத்து இந்த மலையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவர் கையை ஆட்டினார். அவள் குழல் அவரைத் தாண்டிப் போனது.

"நீங்க பதிஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் நிர்மலா.

"என்னை யாரு பாக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன்."

"அப்ப அவங்களுக்கு நீங்க தெரிய மாட்டீங்க."

குழலைக் கண்ணிலிருந்து எடுக்காமலே மருதாசலம் கட்டைவிரலை நீட்டினார்.

"வெரசாப் பதி கண்ணு. அவ உள்ள போயிருவா."