தரையில் அய்யா

காரின் பக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு. இருட்டில் இறங்குகிறவருக்குக் காலடியில் பள்ளமா தண்ணீரா என்று காட்டினால் போதும் என்றுதான் ஜெசிந்தா அதை வடிவமைத்தாள். வெறும் வெளிச்சம் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியைத் தொடங்கிய, எல்லோரும் அய்யா என்று கூப்பிடும் தன் அப்பாவின் முகம் அந்த வெளிச்சத்தில் தரையில் விழ வேண்டும் என்றார்.

"ஜனங்க மிதிப்பாங்க சார்."

"சொன்னதைச் செய்யும்மா. முடியலைன்னா வேற ஆள் இருக்கு."

செய்து முடித்தாள். சோதனை நாளில் கொட்டகையை இருட்டாக்கி, முதலாளியையே காரில் உட்கார வைத்தார்கள். கதவைத் திறந்தார். கீழே மீசையும் சிரிப்புமாக அய்யா விழுந்துகிடந்தார். நீட்டிய காலை முதலாளி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நீட்டினார். அப்படியும் கால் இறங்கவில்லை. சுற்றிலும் ஊழியர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதை அணைங்க யாராவது!"

சுவிட்ச் ஜெசிந்தாவின் கையில் இருந்தது. வேலை போனால் போகட்டும்.

"இறங்குங்க சார்" என்றாள். "வாங்குறவங்க எல்லாரும் இப்படித்தானே இறங்கணும்?"