பிஸ்தாவா, ஐவரியா?

ஞானசேகரன் சளிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சொல்லு பாக்கலாம். இன்னிக்கு என்ன ஷேடு?"

பிரிஜெட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஆறு வருடமாகக் காலையில் அவளுக்கு இந்தப் பரீட்சை. பெயிண்ட் ஷேடு கார்டை விரித்து, குப்பியோடு ஒப்பிட்டு, ஒரு பெயர் சொல்ல வேண்டும். "பரவால்ல, தேறிட்டே" என்பார் கணவர்.

பெங்களூர் சிவாஜிநகர் பெயிண்ட் கடையில் நாற்பது வருடம் வர்ணம் கலக்கியவர். எந்த ஷேடுக்கு எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லுவார்.

எப்போதோ வந்த நிமோனியாவில் அவருடைய மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்துவிட்டன. உள்ளே சில கிருமிகள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

காலி பண்ண வைக்க முடியாது, அடங்கி இருக்கின்றனவா என்று சளியின் நிறத்தைத் தினமும் பாருங்கள் என்று சொல்லியிருந்தார் டாக்டர் மௌரீன். வெள்ளையோ ஐவரியோ என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் ஃபோன். பச்சை என்றால் அன்றே வந்து படுக்க வேண்டும். பதினாலு நாள் ஊசி. போன மழைக்காலத்தில் இரண்டு நாள் தள்ளிப்போட்டதில் ஐ.சி.யூ.வரை போய்த் திரும்பினார்.

பிரிஜெட் அந்தக் கிருமிகளை 'லீஸ் பார்ட்டி' என்பாள். வலது நுரையீரல், கிரவுண்ட் ஃப்ளோர்.

இன்று அவள் விரல் கார்டின் நடுவில் போய் நின்றது.

"பிஸ்தா."

"ஃபெயில்," என்றார் ஞானசேகரன். "ஐவரி."

"சேசுவே! நல்லா பாருங்க. சுத்தப் பச்சை."

"சும்னெ இரு. நாப்பது வருஷம் கலர் கலக்குனவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

பதினொரு மணிக்குக் கடையின் பொன்விழா. அவருக்கு மைசூர் பேட்டா என்கிற ராஜ தலைப்பாகை சூட்டி, சால்வை போர்த்தி, 'வர்ணச் சக்கரவர்த்தி' என்று பொறித்த கேடயம் கொடுக்கப்போகிறார்கள். ஆறு மணிக்கே கோட்டு போட்டுவிட்டார். பல் தேய்த்தது கோட்டோடுதான்.

"பேட்டா வச்சா நான் மகாராஜா மாதிரி ஆயிடுவேன்னு உனக்குப் பொறாமை."

"மகாராஜாவுக்கு நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள மூச்சு வாங்குது."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது.

இருமல் அடங்குவதற்குள் பிரிஜெட் டாக்டருக்கு ஃபோன் போட்டாள். பச்சை என்றாள். இப்போதே கூட்டி வரச் சொன்னார் டாக்டர். ஆட்டோவையும் புக் செய்தாள்.

ஞானசேகரன் குப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வெயிலில் பார்த்தார். திரும்பி வந்து டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தார். கார்டில் ஐவரி மேல் வைத்தார். பிஸ்தா மேல் வைத்தார். மறுபடி ஐவரி மேல்.

பிரிஜெட் அவருடைய லுங்கி, துண்டு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரிஜெட்."

"ம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது." அவர் குப்பியின் மூடியைத் திருகினார். "சின்ன வயசுலேருந்தே."

பிரிஜெட் நிமிரவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியும்ங்க," என்றாள். "செருப்பைப் போடுங்க. ஆட்டோ வந்தாச்சு."