சேலை எடுக்கப் போனவர்கள்

“ஏனுங்க, பேரு கேட்டா என்ர பேரைச் சொல்லாம, எதுக்குங்க சம்பந்தியம்மா பேரைக் குடுத்தீங்க?”

“மெதுவாப் பேசு புள்ள!” சுப்பண்ணன் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார். “கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. நாளைக்கு எவனாச்சும் பார்த்தா? வாயில சட்டுனு மயிலாத்தாள்னுதான் வந்துச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்னு வுட்டுப்போட்டேன். கெட்டா அவங்க பேரு கெட்டுட்டுப் போகட்டும்.”

பழனாத்தாள் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். முக்காடு நழுவுமே என்று கையை இறக்கிக்கொண்டாள்.

கோயம்புத்தூர் ஸ்கேன் சென்டரில், மேமோகிராம் எடுக்கக் காத்திருந்தார்கள். அவளுக்கு இடது மார்பில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு இருபது நாள் ஆகிறது. மகள் லோகப்பிரியா கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று அந்த இருபது நாளும் பயந்து செத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வாயைத் திறந்தாளோ இல்லையோ, சுப்பண்ணனுக்கு வந்தது பாருங்கள் கோபம்!

“பத்தாந்தேதி உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணப் போறோம். பொண்ணோட ஆத்தாளுக்கு மார்ல கட்டின்னு தெரிஞ்சா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்களா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் பார்த்துக்கலாம்.”

கட்டி என்ன, முகூர்த்தம் பார்த்துக்கொண்டா வளரும்? “படம் எடுக்காம நான் சபையில வந்து உக்கார மாட்டேனுங்க” என்று பழனாத்தாள் ஒரே பிடியாய் நின்ற பிறகுதான் மனிதர் வழிக்கு வந்தார். அதுவும் சொந்த ஊரான உடுமலைப்பேட்டையில் கூடாது. பொள்ளாச்சியிலும் கூடாது, மாப்பிள்ளை மனோஜ்குமாருக்கு ஊர் ஆனைமலை, பொள்ளாச்சி முழுக்க அவர்கள் சொந்தம். ஆகவே கோயம்புத்தூர். பட்டுச்சேலை எடுக்கப் போகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

சுப்பண்ணன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. சம்பந்தியம்மா மயிலாத்தாள் லேசுப்பட்டவள் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபி டம்ளரைக் கீழே வைக்காமல் விசாரணையை ஆரம்பித்தவள்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க குடும்பத்துல சக்கரை, பிரஷரு, அப்பறம் இந்தக் கட்டி கிட்டி யாருக்கும் இல்லீங்களே? எங்க பக்கம் ஏழு தலைமுறைக்கும் சுத்தமுங்க.”

சுப்பண்ணன் விட்டுக்கொடுப்பாரா? “எங்கூட்ல ஒருத்தருக்குச் சளி புடிச்சே இருவது வருசமாச்சுங்க” என்று ஒரே போடாய்ப் போட்டார். ஜலதோஷத்தோடு நின்றிருந்த பழனாத்தாள், அவர்கள் கார் ஏறும்வரை தும்மலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“அவங்க யாராச்சும் இங்க வந்துட்டா என்னங்க பண்றது?” என்றாள் இப்போது.

“எப்படி வருவாங்க? இன்னைக்கு மாசாணியம்மன் கோயில்ல அபிசேகமாம். நாள் பூரா போனைக்கூட எடுக்க மாட்டோம்னு நேத்தே சொல்லிப்போட்டாங்க.” சுப்பண்ணன் கண்ணாலேயே மூலையைக் காட்டினார். அங்கே இன்னொரு ஜோடி. அவருக்கு மஃப்ளரும் கறுப்புக் கண்ணாடியும், அந்த அம்மாளுக்கு மாஸ்க்கும் முக்காடும். “பாரு, நம்மளாட்டவே வெவரமானவங்க!”

“மயிலாத்தாள்!” நர்ஸ் ஹாரிகா வாசலில் வந்து கூப்பிட்டாள்.

யாருடைய தண்ணீர் பாட்டிலோ விழுந்து உருண்டது. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகே, அது தான்தான் என்று பழனாத்தாளுக்கு உறைத்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

உள்ளே மெஷின் அழுத்தியதில் கொஞ்சம் வலித்தது. அதற்கப்புறம் ஜெல் தடவி ஒரு ஸ்கேனும் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரித்த முகமாகவே சொன்னார்:

“வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா வருசம் ஒருக்கா வந்து படம் எடுத்துக்கணும். சரிங்களா மயிலாத்தாம்மா?”

மயிலாத்தாம்மா அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இருபது நாள் அடக்கி வைத்த அழுகை.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் சுப்பண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ரிப்போர்ட்டை வாங்கி மேலே எழுதியிருந்த பெயரைப் படித்ததும் வந்த வேகத்திலேயே போயிற்று.

“அட கெரகமே! இவ்வளவு நல்ல ரிசல்ட்டு அந்தம்மா பேர்ல போயிருச்சே!”

“ஏனுங்க, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சந்தோசப்படுங்க முதல்ல” என்று பழனாத்தாள் பல்லைக் கடித்தபோது, வாசலில் மறுபடி ஹாரிகாவின் குரல் கேட்டது.

“அடுத்து, பழனாத்தாள்! உடுமலைப்பேட்டை!”

சுப்பண்ணன் ரிப்போர்ட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். யாரும் எழவில்லை.

“உடுமலைப்பேட்டை பழனாத்தாள் யாருங்க? வாங்கம்மா, நேரமாகுது.”

மூலையில் முக்காடு போட்டிருந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். “நா… நான்தானுங்க” என்றது, ஏழு தலைமுறைச் சுத்தம் பேசிய அதே குரல்.

பழனாத்தாள் ஓடிப்போய்ச் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தைரியமாப் போயிட்டு வாங்க, பழனாத்தா. கொஞ்சந்தான் வலிக்கும்.”