சூடேறிய வண்டி

கோத்தகிரியில் உறைபனி விழுந்த விடியலில் ரெஜினாவின் கணவருக்கு இருமி இருமி மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டு பெள்ளிராஜிடம் கார் இருந்தது. ஆனால் வேலித் தகராறுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. என்ன சொல்வாரோ என்ற பயத்தோடுதான் ஓடினாள். அவர் வாசலில் கார் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. பெள்ளிராஜ் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா..." என்றாள்.

"டர்போ எஞ்சின் வண்டிம்மா. ஆயில் சூடாகாம மேட்டுல மிதிச்சா டர்போ போயிடும். அவரு இருமுறது கேட்டப்பவே ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

"நாங்க வருவோம்னு எப்படிண்ணா..."

"வரலைன்னா நானே வந்து கூப்பிட்டிருப்பேன். போ, அவரைக் கூட்டிட்டு வா."

கும்பிட எழுந்த கைகளை அவள் பானெட்டின் மேல் வைத்தாள். இதமாகச் சுட்டது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, வீட்டை நோக்கி ஓடினாள்.