தவளைக்கு வந்த முதல் பின்னூட்டம்

வலைப்பூ எழுதிவந்த ஒரு தவளைக்குப் பின்னூட்டம் என்றால் உயிர். அதற்காகவே இரண்டு குளம் மாறிவிட்டது. முதல் குளத்தில் போட்ட பின்னூட்டமெல்லாம் தண்ணீரோடு போயிற்று. இரண்டாவதில் வாசலில் காவல் நின்ற நண்டு கடவுச்சொல் கேட்டே எல்லோரையும் விரட்டியது. மூன்றாவதில் பின்னூட்டம் போட ஒரே ஒரு சோதனைதான்: "தவளை இருக்கும் படங்களைத் தொடவும்."

"இனி கண்டவனும் நுழைய முடியாது, நம்ம ஆளுங்க மட்டும்தான்!" என்று தவளை பூரித்தது.

மறுநாளே சிநேகிதத் தவளை கொதித்துக்கொண்டு வந்தது. "எல்லாப் படத்திலும் சேறும் பாசியுமா இருக்கு. இதுல தவளை எங்கேய்யா? எதைத் தொட்டாலும் தப்புங்குது. உன் வலைப்பூவும் வேணாம், உன் சகவாசமும் வேணாம்!"

மற்ற தவளைகளும் அதையே சொல்லிவிட்டுப் போயின.

மனம் வெறுத்துப்போய் அடுத்த குளம் தேடக் கிளம்பும்போது, ஒரு பின்னூட்டம் வந்து விழுந்தது. எழுதியவர் சோதனையில் ஒரு படத்தைக்கூடத் தவறவிடவில்லை. சேற்றுக்குள் மூக்கு மட்டும் தெரிந்த தவளைக்குஞ்சைக்கூடக் கண்டுபிடித்திருந்தார்.

"அருமையான பதிவு. உங்களை நேரில் பார்க்க ஆவல். இப்படிக்கு, சாரைப்பாம்பு."

தவளைக்குக் கண் கலங்கிவிட்டது. நம் இனத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கும் ஒரு வாசகரா! உடனே பதில் போட்டது.

"தென்கரையில் பெரிய கல்லுக்கு அடியில்தான் இருக்கிறேன். பசியோடு வாருங்கள். சாப்பிடாமல் அனுப்பமாட்டேன்."